இதயத்துக்கு மூளை கட்டளை போடுவதில்லை

மாற்று இதயம் பொருத்தும் அறுவை சிகிச்சையில் ஒரு கட்டம் உண்டு. கொடையாளரிடமிருந்து எடுத்த இதயத்தைப் புதிய மார்புக்குள் வைத்து, பெரிய ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தைத்து முடிப்பார்கள். நரம்புகளை யாரும் தைப்பதில்லை. வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டபடியே கிடக்கும். பிறகு கிடுக்கியைத் திறந்து ரத்தத்தை உள்ளே விடுவார்கள். வெதுவெதுப்பான ரத்தம் பட்டதும் இதயம் நடுங்கும், தடுமாறும், அப்புறம் துடிக்கத் தொடங்கும். சில சமயம் சின்ன மின்னதிர்ச்சி கொடுத்துத் தொடங்கி வைக்க வேண்டியிருக்கும். அந்த நிமிடத்தில் புதிய உடம்பின் மூளைக்கும் இந்த இதயத்துக்கும் இடையே ஒரு நரம்பு இழைகூடத் தொடர்பில் இல்லை.

அப்படியானால் அதைத் துடிக்கச் சொன்னது யார்?

இந்தக் கேள்வியை எடுக்கக் காரணம், அடிக்கடி கண்ணில் படும் ஒரு வாசகம்: ‘நாம் தூங்கும்போதும் மூளை இதயத்துக்குக் கட்டளை போட்டுக்கொண்டே இருக்கிறது, ஒரு நொடி மறந்தால் கதை முடிந்தது.’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தவறு. இன்னொரு சாரார், இதயம், மூச்சு, செரிமானம் எல்லாவற்றையும் ‘ஆழ்மனம்’ நடத்துகிறது என்பார்கள். அது இன்னும் பெரிய குழப்பம். நம் விருப்பம் கேட்காமல் நடக்கும் வேலைகளைத் தமிழில் அனிச்சைச் செயல் என்கிறோம். இச்சை இல்லாதது அனிச்சை. இச்சை இல்லை என்பதால் அங்கே மூளையின் பங்கு எல்லா வேலைக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். இதயத்தில் ஒரு மாதிரி, மூச்சில் வேறு மாதிரி, குடலில் முற்றிலும் வேறு.

## விசிறியும் ரெகுலேட்டரும்

கூரையில் சுற்றும் மின்விசிறியை எடுத்துக்கொள்வோம். சுவரில் இருக்கும் ரெகுலேட்டரைத் திருப்பினால் வேகம் கூடும், குறையும். ஆனால் விசிறியைச் சுற்ற வைப்பது ரெகுலேட்டர் அல்ல, மோட்டார். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு ஒயரை நேராக இணைத்தாலும் விசிறி சுற்றும். என்ன, ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். மூளை இதயத்துக்கு ரெகுலேட்டர்தான்.

மோட்டார் இதயத்துக்குள்ளேயே இருக்கிறது. வலது மேலறையின் சுவரில் ஒரு சின்னத் திசுக்கொத்து, அதற்கு எஸ்.ஏ. கணு என்று பெயர். 1907-ல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் இதைக் கண்டறிந்து விவரித்தார்கள். இதன் செல்களின் சுவர் லேசாகக் கசியும். வெளியிலிருந்து மின்னேற்றம் கொண்ட உப்புத் துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வர, செல்லின் மின்னழுத்தம் மெல்ல ஏறும். ஓர் எல்லையைத் தொட்டதும் சட்டென்று ஒரு மின்துடிப்பு கிளம்பி இதயம் முழுக்கப் பரவும், தசை சுருங்கும். உடனே செல் பழைய நிலைக்கு இறங்கி, மறுபடி ஏறத் தொடங்கும். குழாயடியில் வைத்த ஒரு குவளை சொட்டுச் சொட்டாக நிரம்பி, நிரம்பியதும் தானே கவிழ்ந்து, மறுபடி நிமிர்ந்து நிரம்புவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். யாரும் அதைக் கவிழ்க்க வேண்டாம். ஒரு நாளில் ஏறக்குறைய 1 லட்சம் முறை இது நடக்கிறது.

சரி, மூளை எங்கே வருகிறது? எஸ்.ஏ. கணுவை அதன் போக்கில் விட்டால் இளம் வயதினருக்கு நிமிடத்துக்கு 100 முறை போலத் துடிக்கும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் நாடி 60, 70, 80 என்றுதான் இருக்கிறது. அதாவது ஓய்வு நேரத்தில் யாரோ பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பிரேக்தான் வேகஸ் நரம்பு. மூளையின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், குடல் வரை போகும் நீளமான நரம்பு இது.

மாற்று இதயம் வைத்தவர்களின் நாடியைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். பிரேக் கம்பி அறுந்துவிட்டதால், ஓய்வில் இருக்கும்போதும் அவர்களுக்கு 90 முதல் 110 வரை துடிக்கும். படி ஏறினால் நமக்கு உடனே நாடி எகிறும். அவர்களுக்குச் சில நிமிடம் கழித்துத்தான் ஏறும். நரம்பு வழி அடைபட்டுவிட்டது. ரத்தத்தில் கலந்து வரும் அட்ரினலின் மட்டுமே செய்தியைக் கொண்டுவர வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். உடற்பயிற்சியை மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியுங்கள் என்று அவர்களிடம் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

## ஒரு கனவும் இரண்டு தவளை இதயங்களும்

பிரேக் என்று உவமையாகச் சொல்லிவிட்டோம். நரம்பு எப்படி இதயத்தின் வேகத்தைக் குறைக்கும்? மின்சாரமாகவா, வேறு வழியிலா? நூறு வருடத்துக்கு முன் இது பெரிய சர்ச்சை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி என்ற மருந்தியல் அறிஞர் அதற்கு விடை கண்டார். அவரே பின்னாளில் சொன்ன கதைப்படி, ஒருநாள் இரவு சோதனையின் திட்டம் கனவில் வந்தது. எழுந்து ஒரு துண்டுத்தாளில் கிறுக்கிவிட்டுத் தூங்கினார். காலையில் தன் கையெழுத்தே தனக்குப் புரியவில்லை. அடுத்த இரவு 3 மணிக்கு அதே கனவு வந்தது. இந்த முறை தாளை நம்பாமல் நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார்.

சோதனை எளிமையானது. உப்புநீரில் இரண்டு தவளை இதயங்கள். இரண்டும் உடலுக்கு வெளியே தாமாகத் துடித்துக்கொண்டிருக்கின்றன. மோட்டார் உள்ளேயே இருப்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? முதல் இதயத்தில் வேகஸ் நரம்பு ஒட்டியிருக்கிறது. அதை மின்சாரத்தால் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த நீரை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்தின் மேல் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பின் நுனியிலிருந்து ஏதோ ஒரு வேதிப்பொருள் நீரில் கலந்திருக்கிறது என்பது உறுதியாயிற்று. 1921-ல் இதை வெளியிட்டார். அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்று பின்னர் தெளிவானது. 1936-ல் லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

குவளை உவமைக்குத் திரும்பினால், அசிட்டைல்கோலின் செய்வது சொட்டும் வேகத்தைக் குறைப்பது. குவளை நிரம்பத் தாமதமாகும், கவிழவும் தாமதமாகும். அட்ரினலின் வகைப் பொருள்கள் அதையே வேகப்படுத்தும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: துடிப்பை உண்டாக்குவது இதயம், எவ்வளவு வேகம் என்பதை வேளைக்குத் தக்கபடி திருத்துவது மூளை, அந்தத் திருத்தம் நரம்பு நுனியில் கசியும் வேதிப்பொருள் வழியாகப் போய்ச் சேர்கிறது.

## பரிவு என்ற பொருந்தாத பெயர்

மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் உள்ளுறுப்புகளுக்குப் போகும் இந்த நரம்புகள் எல்லாவற்றையும் சேர்த்துத் தானியங்கு நரம்பு மண்டலம் என்கிறோம். இதற்கு நிகரான ஆங்கிலப் பெயரை 1898-ல் வைத்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் லாங்லி. இதில் இரண்டு முக்கியப் பிரிவுகள். பரிவு நரம்புகள் ஆபத்து, உழைப்பு, அவசரம் என்று வரும்போது உடலை முடுக்குபவை. எதிர்ப்பரிவு நரம்புகள் ஓய்வு, செரிமானம், சேமிப்பு பக்கம் இழுப்பவை. வேகஸ் இந்த அணியில் முக்கிய ஆள்.

அடிதடிக்குத் தயாராக்கும் நரம்புக்குப் ‘பரிவு’ என்று பெயர் இருப்பது பள்ளியில் எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. எதிரியிடம் என்ன பரிவு? விஷயம் வேறு. உடலின் ஓர் உறுப்புக்கு ஒன்று நேர்ந்தால் இன்னோர் உறுப்பும் சேர்ந்து வருந்துகிறது, அந்தப் பரிவைக் கடத்துவது இந்த நரம்புகளே என்று பழைய கால மருத்துவர்கள் எண்ணினார்கள். எண்ணம் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. தமிழிலும் அதை அப்படியே மொழிபெயர்த்து வைத்துக்கொண்டோம்.

இந்த இரண்டையும் பற்றி உலவும் பெரிய தவறான எண்ணம், இவை சுவிட்ச் போல ஒன்று அணைந்தால் ஒன்று எரியும் என்பது. ‘இப்போது என் உடம்பு பரிவு நிலையில் இருக்கிறது’ என்று பேசுகிறவர்களைப் பார்க்கலாம். அப்படி முழு உடம்புக்கும் ஒரே நிலை என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. இரண்டு அணியும் எப்போதும் கொஞ்சம் கொஞ்சம் வேலை செய்துகொண்டேதான் இருக்கின்றன. ஒவ்வோர் உறுப்பிலும் அளவுதான் மாறுகிறது. வெயிலில் நிழலோரமாகச் சாப்பிட உட்கார்ந்தவரின் வியர்வைச் சுரப்பியைப் பரிவு நரம்பு முடுக்கிக்கொண்டிருக்கும், அதே நேரம் அவர் வயிற்றை எதிர்ப்பரிவு நரம்பு முடுக்கிக்கொண்டிருக்கும். தவிர, எல்லா உறுப்புக்கும் இரண்டு கயிறும் கட்டியிருப்பதில்லை. கைகால்களின் ரத்தக் குழாய்களில் பெரும்பாலானவற்றுக்குப் பரிவு நரம்பு மட்டும்தான். அது இறுக்கினால் குழாய் குறுகும், தளர்த்தினால் விரியும், எதிரணியே தேவையில்லை.

‘போரிடு அல்லது ஓடு’ என்று நாம் கேள்விப்படும் பரபரப்பு நிலையை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்தவர் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன். அது உண்மைதான், கண்மணி விரியும், நாடி ஏறும், வாய் உலரும். ஆனால் அது உச்சக்கட்டக் காட்சி. நாள் முழுக்க நடப்பது அதைவிட அடக்கமான ஒன்று.

## எழுந்து நிற்கும் அந்த இரண்டு நொடி

படுத்திருக்கிறீர்கள். கதவு தட்டும் சத்தம். சட்டென்று எழுந்து நிற்கிறீர்கள். அந்த நேரத்தில் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பார்ப்போம்.

நின்றதும் புவியீர்ப்பில் ஏறக்குறைய அரை லிட்டர் ரத்தம், சிலருக்கு அதற்கும் மேல், வயிற்றின் கீழ்ப்பகுதிக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. ஆகவே அது வெளியே தள்ளும் ரத்தமும் குறைகிறது. மூளையோ மேலே இருக்கிறது. இப்படியே விட்டால் கதவைத் திறப்பதற்குள் கீழே விழ வேண்டியதுதான்.

விழுவதில்லை, ஏனென்றால் தாடை எலும்பின் முனைக்குக் கீழே, கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அழுத்தத்தை அளக்கும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் உண்டு. குழாயின் சுவர் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு வேகமாக இவை சமிக்ஞை அனுப்பும். அழுத்தம் குறைந்ததும் சமிக்ஞை மந்தமாகிறது. அதைப் படிப்பது முகுளம். மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் மூளைத்தண்டின் கடைசிப் பகுதி இது. சுமார் 3 சென்டிமீட்டர் நீளம்தான். முகுளம் செய்யும் முதல் வேலை வேகஸ் பிரேக்கிலிருந்து காலை எடுப்பது. அடுத்த ஒன்றிரண்டு துடிப்புக்குள் நாடி ஏறிவிடும். கூடவே பரிவு நரம்புகள் வழியாகக் கால், வயிற்று ரத்தக் குழாய்களை இறுக்கச் சொல்கிறது. இதற்குச் சில நொடி பிடிக்கும். அந்தச் சில நொடி இடைவெளிதான் சில சமயம் கண் இருட்டுவதாக நாம் உணர்வது. உடலில் நீர் குறைந்திருந்தாலோ, ரத்த அழுத்த மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாலோ, வயதாகி இந்தச் சுற்று மந்தமாகியிருந்தாலோ இடைவெளி நீளும். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளி குறைந்தால் மருத்துவர்கள் அதைக் கவனிக்க வேண்டிய குறையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

மாடித் தொட்டியில் இருக்கும் மிதவையை நினைத்துக்கொண்டால் இதன் தத்துவம் புரிந்துவிடும். நீர்மட்டம் இறங்கினால் மிதவை இறங்கும், வால்வு திறக்கும், நீர் வரும். மட்டம் ஏறினால் வால்வு மூடும். அளவை அளந்து, விளைவைக் கொண்டே காரணத்தைத் திருத்தும் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னூட்டம் என்று பெயர். மிதவை யோசிப்பதில்லை, முடிவெடுப்பதில்லை. முகுளமும் அப்படித்தான். ‘ஆழ்மனம் பார்த்துக்கொள்கிறது’ என்பதில் எனக்குள்ள தகராறு இதுதான். இங்கே மனம் எதுவும் இல்லை, இருப்பது மிதவை.

சிறுமூளையையும் பலர் இந்தப் பேச்சில் இழுத்துவருவார்கள். அதற்கு வேறு வேலை: அசைவுகளைச் சீராக்குவதும் உடலைச் சமநிலையில் வைப்பதும்.

## மூச்சு மட்டும் விதிவிலக்கு

இதயத்துக்குச் சொன்னதை மூச்சுக்குச் சொல்ல முடியாது. நுரையீரலுக்குள் மோட்டார் கிடையாது. அது வெறும் பை. தசை இழுத்தால் விரியும். முக்கியமாக இழுப்பது உதரவிதானம், அதாவது மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை மாதிரி விரிந்திருக்கும் தசை. அதுவும் கை, கால் தசையைப் போலத்தான். நரம்பிலிருந்து உத்தரவு வராவிட்டால் அசையாது. அந்த உத்தரவு முகுளத்தில் பிறக்கிறது. ‘மூளை ஒரு நொடி மறந்தால்’ என்ற வாசகத்தில் இதயம் என்ற சொல்லை எடுத்துவிட்டு மூச்சு என்று போட்டால் ஓரளவுக்குச் சரியாகிவிடும்.

தாளத்தை உண்டாக்கும் நரம்பணுக் கூட்டம் முகுளத்தில் எங்கே இருக்கிறது என்பது 1991-ல் தெளிவானது. அதன் பெயர் ப்ரீ பாட்சிங்கர் தொகுதி. ஏதோ விஞ்ஞானியின் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அதை அடுத்திருக்கும் பகுதிக்குப் பெயர் தேடியபோது மாநாட்டு மேசையில் இருந்த ஒயின் புட்டியின் பெயரைத்தான் எடுத்து வைத்தார்கள்.

அங்கிருந்து உத்தரவு தண்டுவடம் வழியாக இறங்கி, கழுத்தின் நடுப்பகுதியில் வெளியேறி உதரவிதானத்துக்குப் போகிறது. கழுத்தின் மேல்பகுதியில் தண்டுவடம் முழுதாக அறுந்துபோனவர் ஏன் மூச்சுக்கு எந்திரத்தை நம்பியிருக்க நேர்கிறது, அவர் இதயம் மட்டும் ஏன் தன் பாட்டுக்குத் துடிக்கிறது என்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது.

மூச்சுக்கு இன்னொரு வினோதம்: அதற்கு இரண்டு முதலாளிகள். முகுளம் ஒருவர். நாம் இன்னொருவர். பேசும்போது, பாடும்போது, நீரில் மூழ்கும்போது பெருமூளையிலிருந்து நேரடி உத்தரவு தசைக்குப் போகிறது; முகுளம் ஒதுங்கி நிற்கிறது. நம் கவனம் வேறெங்காவது போனதும் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

இந்த இரண்டு வழியும் தனித்தனி என்பதற்கு ஓர் அரிய பிறவிக் குறைபாடு சாட்சி. இதோடு பிறந்த குழந்தைகளில் பலர் விழித்திருக்கும்போது ஓரளவு சரியாக மூச்சு விடுவார்கள். தூங்கினால் மூச்சு மிகவும் மேலோட்டமாகிவிடும், சில சமயம் நின்றும் போகும். தானியங்கி வழி பழுது. காரணமான மரபணு 2003-ல் கண்டறியப்பட்டது. இவர்களில் பலர் வாழ்நாள் முழுக்க இரவில் சுவாச எந்திரத்தோடுதான் தூங்குகிறார்கள்.

## மூச்சு முட்டுவது எதனால்?

ஒரு சோதனை. உட்கார்ந்த நிலையில், சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு, அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தொண்டைக்குழியில் ஒரு நச்சரிப்பு. பிறகு வயிறு உள்ளே வெட்டி இழுக்கும். அது உதரவிதானம், உங்களைக் கேட்காமல் முகுளம் அதைச் சுண்டுகிறது. கடைசியில் நீங்கள் தோற்றுவிடுவீர்கள். இரண்டு முதலாளிகளில் மூத்தவர் யார் என்பது அப்போது தெரியும்.

இப்போது கேள்வி: அந்தத் தவிப்பு எதனால்? ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் என்று பத்தில் ஒன்பது பேர் சொல்வார்கள் என்று பந்தயம் கட்டுவேன். அது காரணம் அல்ல. அந்த நேரத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் தாராளமாகவே இருக்கும். ஏறியிருப்பது கரியமில வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு. அது மூளையைச் சூழ்ந்திருக்கும் திரவத்துக்குள் எளிதாகப் புகுந்து, நீரோடு சேர்ந்து அதை லேசாகப் புளிக்க வைக்கிறது, அதாவது அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. முகுளத்தில் இருக்கும் உணர்விகள் அந்தப் புளிப்பை அளக்கின்றன. மிக நுணுக்கமான அளவை. கரியமில வாயு சிறிது கூடினாலே மூச்சு வேகமெடுக்கும். ஆக்சிஜனை அளக்கும் உணர்விகள் கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் தனியாக உண்டு. இந்தத் துறை ஆய்வுக்காகக் கோர்னேல் ஹேமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் ஆக்சிஜன் நன்றாகக் குறைந்த பிறகுதான் இவை உரக்கக் கத்தும்.

இது வெறும் தகவல் அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. நீருக்குள் அதிக நேரம் இருக்க ஆசைப்பட்டு, குதிப்பதற்கு முன் வேகவேகமாக இருபது முப்பது முறை மூச்சை இழுத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆக்சிஜனைச் சேமித்துக்கொள்வதாக நினைப்பு. ரத்தம் முன்பே ஆக்சிஜனால் கிட்டத்தட்ட நிரம்பித்தான் இருக்கிறது. கூடுதலாகச் சேர்வது சொற்பம். உண்மையில் நடப்பது கரியமில வாயு வெளியேறிவிடுவது. அதாவது எச்சரிக்கை மணியின் கம்பியைக் கழற்றிவிட்டு உள்ளே குதிக்கிறார்கள். நீருக்குள் தவிப்பே வராது. தவிப்பு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் குறைந்து நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

உயரத்தில் பறக்கும் விமானத்தில் காற்றழுத்தம் குறைந்தாலும் இதே கதைதான். கரியமில வாயு வழக்கம்போல வெளியேறிக்கொண்டிருப்பதால் மூச்சு முட்டாது. தலை லேசாக இருக்கும், ஏதோ உற்சாகமாகக்கூடத் தோன்றும், பிறகு நினைவு போகும். முகமூடி விழுந்ததும் முதலில் நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள், பிறகு மற்றவருக்கு உதவுங்கள் என்று சொல்வது சும்மா இல்லை.

ஆக, மூச்சைப் பொறுத்தவரை மூன்று விஷயம் போதும். தாளம் முகுளத்தில் பிறக்கிறது. அதன் வேகத்தை முதன்மையாக நிர்ணயிப்பது கரியமில வாயு. நாம் குறுக்கிடலாம், ஆனால் கொஞ்ச நேரம்தான்.

## குடல் தன் போக்கில்

குடலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அதன் சுவருக்குள் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. உணவு வந்து சுவரைத் தள்ளினால், அதற்குப் பின்னால் சுருக்கம், முன்னால் தளர்வு; இப்படியே உணவு நகர்கிறது. 1899-ல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு ஆய்வாளர்கள் நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை எல்லாம் துண்டித்துப் பார்த்தார்கள்; அப்போதும் இந்த அலை ஓடியது. மூளை இங்கே தூரத்து மேலதிகாரி. பரீட்சை நாளில் வயிற்றைக் கலக்கும் அளவுக்குத் தலையிடும், அன்றாட நிர்வாகம் குடலுடையது. ஒரு சுவையான செய்தி: வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பங்கு, 80 சதவீதம் போல, மூளையிலிருந்து கீழே போவதில்லை, உறுப்புகளிலிருந்து மேலே செய்தி கொண்டு போகின்றன. உத்தரவைவிட அறிக்கைதான் அதிகம்.

## காய்ச்சல்: மாறிப்போன இலக்கு

உடல் சூட்டைப் பார்த்துக்கொள்வது ஹைப்போதலாமஸ். மூளையின் அடியில், மூளைத்தண்டுக்கு மேலே இருக்கும், 4 கிராம் எடைகூடத் தாண்டாத பகுதி. பசி, தாகம், ஹார்மோன்கள் என்று அதற்குப் பல பொறுப்புகள் உண்டு. சூட்டுக்கு அது வைத்திருக்கும் இலக்கு 37 டிகிரி செல்சியஸை ஒட்டியது. சூடு அதைத் தாண்டினால் வியர்வை, தோலில் ரத்தக் குழாய் விரிவு. குறைந்தால் நடுக்கம், குழாய் சுருக்கம்.

காய்ச்சலில் இந்த ஏற்பாடு கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கிறோம். கெடவில்லை, இலக்கு மாறியிருக்கிறது. கிருமி நுழைந்ததும் நோய் எதிர்ப்பு மண்டலம் அனுப்பும் செய்தியால் புரோஸ்டாகிளான்டின் என்ற பொருள் மூளையில் உண்டாகி, இலக்கை 39-க்கு ஏற்றிவிடுகிறது என்று வையுங்கள். உடல் இன்னும் 37-ல்தான் இருக்கிறது. ஹைப்போதலாமஸின் கணக்கில் இரண்டு டிகிரி குறைவு. அதனால்தான் காய்ச்சல் ஏறும்போது குளிரெடுத்துப் பல் கிட்டித்துப் போர்வை தேடுகிறோம். இலக்கு திரும்ப இறங்கும்போது உடல் அதைவிடச் சூடாக இருப்பதால் வியர்த்துக் கொட்டுகிறது. ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்கிறோம். பாராசிட்டமால் செய்வது புரோஸ்டாகிளான்டினைக் குறைத்து இலக்கை இறக்குவது. வெயில் தாக்கி மயங்கியவருக்கு அது உதவாது, ஏனென்றால் அவருக்கு இலக்கு மாறவில்லை. சூடு தாங்க முடியாமல் ஏறிவிட்டது. அவருக்கு வேண்டியது மாத்திரை இல்லை, உடனடியாக உடலைக் குளிர்விப்பதும் மருத்துவமனையும்.

## அனிச்சை என்றால் கைக்கே எட்டாததா?

நேரடியாக எட்டாது. ‘நாடியே, 60-க்கு இறங்கு’ என்று சொன்னால் அது கேட்காது. ஆனால் பக்கத்து வாசல்கள் உண்டு. மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஐந்து நொடி மூச்சை இழுத்து, ஐந்து நொடி விடுங்கள். இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வரும், விடும்போது விலகி வரும். முதல்முறை கவனித்தபோது எனக்கு இதயத்தில் ஏதோ கோளாறு என்றே பயந்துபோனேன். கோளாறு இல்லை, மூச்சை உள்ளிழுக்கும்போது வேகஸ் பிரேக் சற்றுத் தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. இளையவர்களிடம் இது தெளிவாகத் தெரியும், வயதாக ஆக மங்கும்.

மெதுவாக மூச்சு விட்டால் படபடப்பு அடங்குவதாகச் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. அதற்காக வேகஸை ‘ரீசெட்’ செய்யும் பொத்தான் காதுக்குப் பின்னால் இருக்கிறது, அழுத்தினால் தூக்கமின்மை முதல் மலச்சிக்கல் வரை போய்விடும் என்று வரும் காணொளிகளை நம்ப வேண்டாம்.

சில சமயம் அந்தப் பக்கத்து வாசலால் விபத்தும் நேரும். ரத்தத்தைக் கண்டதும் மயங்கி விழுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காட்சி, ஒரு பயம், அவ்வளவுதான். வேகஸ் பிரேக் முழுதாக மிதிபட்டு, கால்களின் ரத்தக் குழாய்களும் தளர்ந்து, மூளைக்கு ரத்தம் எட்டாமல் ஆள் சரிகிறார். படுத்ததும் ரத்தம் தலைக்குத் திரும்பிவிடும், நினைவும் திரும்பும். அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்காமல், படுத்தபடியே விட்டுக் காலைச் சற்று உயர்த்துவதே சரி.

## மூளை இறந்த பிறகும்

தொடக்கத்தில் சொன்ன இதயத்துக்கு வருவோம். அது எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து. விபத்திலோ மூளை ரத்தக்கசிவிலோ மூளைத்தண்டு உட்பட மூளை முழுதும் மீளாமல் அழிந்துவிட்ட நிலை அது. கோமா வேறு, கோமாவில் மூளைத்தண்டு உயிரோடு இருக்கலாம், மூச்சும் தானாக இருக்கலாம். குடும்பத்தினர் படுக்கை அருகே நின்று ‘இதயம் துடிக்கிறதே, உடம்பு சூடாக இருக்கிறதே, எப்படி இறந்துவிட்டார் என்கிறீர்கள்?’ என்று கேட்பது இந்த இடத்தில்தான். நியாயமான கேள்வி. துடிப்புக்கு மூளை தேவையில்லை என்பதை யாரும் அவர்களுக்கு முன்பே சொல்லியிருக்க மாட்டார்கள்.

மருத்துவர்கள் இதை உறுதிசெய்யும் விதம், மேலே பார்த்த ஒவ்வொன்றையும் வரிசையாகக் கேட்டுப் பார்ப்பது. கண்ணில் விளக்கடித்தால் கண்மணி சுருங்குகிறதா? தொண்டையைத் தொட்டால் குமட்டுகிறதா? மூச்சுக்குழாயைச் சீண்டினால் இருமல் வருகிறதா? கடைசியாக மூச்சுச் சோதனை. முதலில் உடலை ஆக்சிஜனால் நன்றாக நிரப்பிவிட்டு, சுவாச எந்திரத்தைப் பிரிப்பார்கள். ஒரு மெல்லிய குழாய் வழியாக ஆக்சிஜன் மட்டும் போய்க்கொண்டிருக்கும். கரியமில வாயுவை வேண்டுமென்றே ஏறவிடுவார்கள். வழக்கமாக 40 புள்ளியை ஒட்டியிருப்பது 60-ஐத் தொடும் வரை, ஏறக்குறைய 8 முதல் 10 நிமிடம், போர்வையை விலக்கி மார்பையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். முகுளத்தில் ஓர் ஓரம் உயிரோடு இருந்தாலும் அந்தப் புளிப்பைப் பொறுக்காது. ஒரு மூச்சாவது இழுத்தே தீரும்.

மார்பு அசையவில்லை. தலைமாட்டில் இருக்கும் திரையில் இதயத்தின் கோடு, எப்போதும்போல, சீராக ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது.